ஆனிக்கும் தைக்கும் நடுவே

சிதம்பரம் மாலைகட்டித் தெருவில் ஒரே வாடகை வீட்டில் இருபத்திரண்டு வருஷம் இருந்தோம். 2024 ஆனி பிறந்த மூன்றாம் நாள் வீட்டுக்காரர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். மோர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "பையன் வெளிநாட்டுலேர்ந்து வந்துட்டான்மா. வீட்டை இடிச்சுக் கட்டணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான். ஆடி பொறக்கறதுக்குள்ள காலி பண்ணிக் குடுத்தீங்கன்னா..." என்று இழுத்தார். நல்ல மனிதர். இத்தனை வருஷத்தில் நான்கே முறைதான் வாடகை ஏற்றியிருக்கிறார். அவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது?

கடலூர் கூத்தப்பாக்கத்தில் எங்கள் சொந்த வீடு அப்போது கூரை போட்ட நிலையில் நின்றது. உள்பூச்சு பாதிதான் ஆகியிருந்தது. தரைக்குக் கல் பதிக்கவில்லை. மின் இணைப்புக்கு மனு கொடுத்ததோடு சரி. ஆவணியில் சாவி தருகிறேன் என்றார் மேஸ்திரி. என் கணவர் கூட்டுறவு வங்கியில் வீட்டுக்கடன் பார்த்து ஓய்வு பெற்றவர். மேஸ்திரி சொல்லும் மாதத்தோடு இன்னும் எத்தனை மாதம் கூட்ட வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. "ஆவணின்னா ஐப்பசி. ஐப்பசியில மழை பிடிச்சுக்கும், பூச்சு காயாது. கார்த்திகையும் போயிடும். மார்கழியில பால் காய்ச்ச மாட்டோம். தைதான்" என்றார். அப்படியே நடந்தது.

ஆக ஆறு மாதம். நாங்கள் இருவரும் வடக்கு வீதிப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டு மாடி அறையில் இருந்துகொள்ளலாம். பாயும் தலையணையும் போதும். சாமான்களை என்ன செய்வது? இரண்டு பீரோ, தேக்குக் கட்டில், குளிர்சாதனப் பெட்டி, கிரைண்டர், அம்மா சீதனமாகக் கொண்டுவந்த பித்தளை அண்டாக்கள், நான் நாற்பது வருஷமாகச் சேர்த்த புத்தகங்கள். வீடு மாறுவது எப்படி என்று சொல்ல நூறு பேர் இருந்தார்கள். விட்ட வீட்டுக்கும் போகும் வீட்டுக்கும் நடுவே சாமானை எப்படி வைத்துக் காப்பது என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை. அந்த ஆறு மாதத்தில் அலைந்தும் கொஞ்சம் இழந்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இந்த இடைவெளியில் மாட்டிக்கொள்கிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. பஞ்சாங்கம் அதற்கு ஒரு காரணம். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிபோவதில்லை. அதனால் காலி செய்கிறவர்கள் எல்லோரும் ஆனிக் கடைசியில் ஒன்றாக முண்டியடிக்கிறார்கள். அந்த வாரம் சிதம்பரத்தில் ஒரு குட்டியானை வண்டி பிடிக்க நான் ஐந்து பேருக்குப் போன் செய்தேன். வேலை மாற்றல், மகள் கல்யாணம், பாகப்பிரிவினை, வெள்ளம் என்று மற்றக் காரணங்களும் வரும். எதுவானாலும் கடைசியில் முட்டுகிற கேள்வி ஒன்றுதான். இத்தனை சாமானையும் எங்கே கொண்டுபோய் இறக்குவது?

பெங்களூரில் இருக்கும் மகன் போனில் சிரித்தான். "ஏம்மா கவலைப்படுறே? இங்கல்லாம் சொன்னா வீட்டுக்கே வந்து கட்டி எடுத்துட்டுப் போய் வச்சுக்கறாங்க. வேணுங்கறப்ப கொண்டாந்து இறக்கிடறாங்க." உண்மைதான். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் இது இப்போது பெரிய தொழில். இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் அவர்களே சாமானை எடுத்துப்போய்ப் பெரிய கிடங்கில் அடுக்கி, நம் பெயர் எழுதி வைத்துவிடுவார்கள். நாம் நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க முடியாது. இன்னொன்றில் நமக்கென்று ஓர் அறை கிடைக்கும், பூட்டும் சாவியும் நம்முடையவை. அமெரிக்காவில் 1960-களில் டெக்சாஸ் பக்கம் பிறந்து உலகெங்கும் பரவிய முறை இது. வாடகை சதுர அடிக்கோ கன அடிக்கோ மாதக் கணக்கு. ஏற்று கூலி, இறக்கு கூலி, வண்டி, காப்பீடு எல்லாம் அதற்கு மேல். சிதம்பரத்திலிருந்து சென்னைக்கு 230 கிலோமீட்டர். அங்கே கொண்டுபோய் வைத்துத் திருப்பி எடுத்துவர எங்கள் கணக்கில் வாடகையைவிட லாரிக் கூலி அதிகமாக வந்தது. அந்த யோசனையை அன்றே விட்டோம்.

நம் ஊர்களில் கிடங்குகளுக்குப் பஞ்சமில்லை. கடலூர் முதுநகரில், ஊர்க்காரர் வாயில் ஓ.டி.யில், துறைமுகத்தையொட்டிப் பழைய கிடங்குகள் உண்டு. குடோன் என்று நாம் சொல்லும் சொல்லே இந்தக் கடற்கரைக்குக் கடன்பட்டது. நம் 'கிடங்கு' கப்பலேறி மலாய் மொழியில் 'குடாங்' ஆகி, ஐரோப்பிய வணிகர் வாயில் 'கோடவுன்' ஆகித் திரும்பவும் நம் வாய்க்கு வந்தது என்பது சொல்லாராய்ச்சியாளர் பலர் ஒப்புகிற கருத்து. ஆனால் இந்தக் கிடங்குகளில் நெல்லுக்கும் உரத்துக்கும் மணிலாக் கொட்டைக்கும்தான் இடம். 1958-ல் தொடங்கிய தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனமும் முக்கியமாக விளைபொருளுக்காக ஏற்பட்டதே. ஒரு குடும்பத்தின் கட்டிலையும் பீரோவையும் வைக்க நம் ஊர் மனிதர்களுக்கு இருப்பவை வேறு: சொந்தக்காரர் வீட்டு அறை, தெரிந்தவர் அரிசி ஆலையின் ஒரு மூலை, அல்லது ஆளில்லாமல் ஷட்டர் இறங்கிக் கிடக்கும் ஒரு கடை.

நாங்கள் கடையைத் தேர்ந்தெடுத்தோம். எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கடலூர் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஊர். வடக்கே தென்பெண்ணை, ஊருக்குள்ளேயே கெடிலம், முதுநகர்ப் பக்கம் உப்பனாறும் பரவனாறும். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 நவம்பர் மழை என்று பார்த்த ஊர். அங்கே ஆறு மாதத்துக்கு, அதுவும் ஐப்பசி கார்த்திகையைத் தாண்டி, சாமான் வைக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வாடகையை அல்ல, தரையின் உயரத்தை.

ஆல்பேட்டைப் பக்கம் ஒரு கிடங்கு காட்டினார்கள். விசாலமானது. மாதம் 2,500 ரூபாய். என் கணவருக்குப் பிடித்துவிட்டது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முழங்கால் உயரம் வரை மட்டும் புதுச் சுண்ணாம்பு, அதற்கு மேலே பழசு. சொந்தக்காரர் தண்ணீரே வராது என்றார். வெளியே வந்து எதிரில் இருந்த டீக்கடையில் இரண்டு டீ சொன்னேன்.

"அண்ணே, பதினஞ்சுல மழை பேஞ்சப்ப இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"

"என் பாய்லரைத் தூக்கி மேசை மேல வச்சுட்டு ஓடினேம்மா" என்றார் அவர்.

டீக்குக் காசு கொடுத்துவிட்டு நேரே திருப்பாதிரிப்புலியூர் போனோம். ஊர்க்காரர்கள் திருப்பாப்புலியூர் என்பார்கள். பாடலீஸ்வரர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு தையல்காரர் விட்டுப்போன கடை காலியாக இருந்தது. பத்தடிக்குப் பதினெட்டடி. தெருவிலிருந்து நான்கு படி ஏற வேண்டும். மாதம் 4,000. பக்கத்து மாவுமில் அம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டேன். "ரெண்டாம் படி நனைஞ்சுது, அவ்வளவுதான்" என்றார். ஆறு மாதத்துக்கு 9,000 ரூபாய் கூடுதல். கொடுத்தோம். கடைக்காரரைக் கேட்காமல் அக்கம்பக்கத்தைக் கேட்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்தச் சுண்ணாம்புதான் சொன்னது.

எழுத்து விஷயத்தில் என் கணவர் கறார். நாங்களே கடையை வாடகைக்கு எடுத்துச் சாவியை வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் சாமானுக்கு நாங்களே பொறுப்பு. கடைக்காரர் இடத்துக்கு மட்டும்தான் பொறுப்பு. கிடங்குக்காரர் கையில் சாமானை ஒப்படைத்தால் கதை வேறு. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 148-ஆம் பிரிவிலிருந்து இதைப் பற்றித்தான் பேசுகிறது. ஒருவர் பொருளை வாங்கி வைத்துக்கொள்கிறவர், சாதாரண அறிவுள்ள மனிதர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது 151-ஆம் பிரிவு. அந்த அளவு கவனம் எடுத்தும் கெட்டுப்போனால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது அவர் பொறுப்பல்ல என்பது அடுத்த பிரிவு. எனவே எந்த வகையில் வைக்கிறோம், எந்தத் தேதிவரை, தேதி தள்ளினால் மாதம் என்ன, பொருளின் பட்டியல் என்ன, இவையெல்லாம் காகிதத்தில் வர வேண்டும். வாயால் பேசி முடித்துவிட்டுப் பிறகு வண்டியை நிறுத்தி வைத்துக் கூடுதல் பணம் கேட்டவர்களை எங்கள் உறவிலேயே பார்த்திருக்கிறோம்.

தற்காலிகம் என்கிற சொல் எவ்வளவு நீளும் என்பது சிதம்பரத்துக்காரர்களுக்குத் தெரியும். படையெடுப்புக்கு அஞ்சி 1648 டிசம்பரில் நடராசர் திருமேனியைக் கோயிலைவிட்டு எடுத்துப்போனார்கள். குடுமியான்மலையில் சில வருஷம், பிறகு மதுரையில். மறுபடி தில்லைக்கு எழுந்தருளியது 1686 நவம்பரில். ஏறத்தாழ 38 வருஷம். எங்கள் வாடகைச் சீட்டில் ஆறு மாதம் என்று எழுதி, மேலும் மூன்று மாதம் இதே வாடகைக்கு என்று என் கணவர் ஒரு வரி சேர்த்தார்.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவள். நூலகத்துக்குள் வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் வரவுப் பதிவேட்டில் ஓர் எண் உண்டு. அந்த எண் இல்லாமல் ஒரு புத்தகம் அலமாரி ஏறாது. வீட்டுச் சாமானுக்கும் அதையே செய்தேன். நீளவாட்டு நோட்டு ஒன்று வாங்கி ஐந்து கட்டம் போட்டேன்: எண், பொருள், நிலை, இடம், திரும்ப வந்த தேதி. பெட்டியின் மேல்பக்கத்தில் எண்ணை எழுதினால் அடுக்கியபின் தெரியாது. நான்கு பக்கவாட்டிலும் எழுத வேண்டும். 'நிலை' என்கிற கட்டத்தில் 'பீரோ, இடது கதவில் கீறல் முன்பே உண்டு' என்பது போல எழுதினேன். கைபேசியில் படமும் எடுத்தோம். மொத்தம் 83 எண்.

சில பொருள்கள் அந்த நோட்டுக்குள் வரவே கூடாது. எரிவாயு சிலிண்டரைப் பூட்டிய அறையில் வைப்பது ஆபத்து. ஊர் மாறுகிறவர்கள் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சர் வாங்கினால் வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும். புது ஊரில் அதைக் காட்டி இணைப்பு எடுத்துக்கொள்ளலாம். மண்ணெண்ணெய், பெயின்ட், தின்னர் எதுவும் கூடாது. லண்டனில் பான்டெக்னிகான் என்று ஒரு மாபெரும் சாமான் கிடங்கு இருந்தது. தீயே பிடிக்காத கட்டடம் என்று சொல்லித்தான் பணக்காரர்களின் மேசை நாற்காலியும் ஓவியங்களும் அங்கே சேர்ந்தன. 1874 பிப்ரவரியில் அது எரிந்துபோனது.

வீட்டுப் பத்திரம், சான்றிதழ்கள், மருந்துச் சீட்டுகள் ஒரு துணிப்பையில் எப்போதும் என்னோடு. பட்டுப்புடவைகளும் அப்படியே, பழைய வேட்டியில் சுற்றி அக்கா வீட்டில். அவற்றை மாதம் ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றி மடித்தேன். அந்துருண்டை போட்டால் சரிகையில் படாமல் துணியில் முடிந்து போட வேண்டும். நகை வங்கி லாக்கரில். லாக்கர் என்றால் வங்கி எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்று நினைக்க வேண்டாம். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி திருட்டு, தீ, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றில் வங்கி தரும் இழப்பீடு அந்த லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை. வெள்ளம், இடி, பூகம்பம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு அது பொருந்தாது. அதனால் கீழ்த்தட்டு லாக்கர் எங்களுக்கு வேண்டாம் என்றோம்.

இன்வெர்ட்டர் பேட்டரி பற்றி எலக்ட்ரீஷியன் தம்பி சொல்லித்தான் தெரியும். சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. அதை அக்கா வீட்டிலேயே மாட்டி ஓடவிட்டோம். அவர்களுக்கும் புழுக்கத்துக்கு உதவியது. குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்து இரண்டு நாள் திறந்து காயவைத்து, கதவு முழுதாக மூடாதபடி நடுவே ஒரு துண்டை மடித்து வைத்தேன். மூடி வைத்தால் உள்ளே ஈரம் அடைந்து பூஞ்சை பிடிக்கும், ஜென்மத்துக்கும் அந்த வாடை போகாது. துணி துவைக்கும் இயந்திரக் குழாயில் தங்கிய நீரைச் சாய்த்து வடித்தோம்.

சாமான் கட்ட வந்தவர்கள் கட்டிலையும் சோபாவையும் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றப் பார்த்தார்கள். நம் கடற்கரைக் காற்றுக்கு அது சரிவராது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் வியர்த்து, மரம் ஊறி, துணி பூத்துப்போகும். வண்டியில் போகும் இரண்டு மணி நேரத்துக்கு பிளாஸ்டிக் சரி, அறையில் வைத்தபின் அவிழ்த்துவிட்டுப் பழைய பருத்திப் புடவையால் மூடுவதுதான் முறை. என் அம்மாவின் சுங்குடிப் புடவைகள் ஆறு மாதம் கட்டிலுக்கும் பீரோவுக்கும் போர்வையாக இருந்தன.

சிமென்ட் தரை எப்போதும் கொஞ்சம் ஈரத்தை மேலே விடும், அட்டைப்பெட்டி அதைக் குடிக்கும். அதனால் கடைத் தரையில் செங்கல் வைத்து, மேலே ரீப்பர் கட்டைகளைப் பரப்பி, அதன்மேல்தான் சாமானை ஏற்றினோம். சுவருக்கும் சாமானுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டோம். நடுவில் ஓர் ஆள் நடந்துபோய்க் கடைசிவரை பார்க்கும்படி வழி. அந்த வழியை விடும்போது என் கணவர் இடம் வீணாகிறது என்றார். பிறகு அந்த வழியில் அதிகம் நடந்தவர் அவர்தான்.

சிதம்பரத்திலிருந்து கடலூர் 45 கிலோமீட்டர்ச் சொச்சம். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாகத் தேசிய நெடுஞ்சாலையில் மூன்று நடை குட்டியானை. பழைய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையில்லை. வழியில் யாராவது கேட்டால் காட்ட நோட்டின் நகல் ஒன்றை டிரைவர் தம்பி கையில் கொடுத்திருந்தேன்.

இவ்வளவும் செய்த நான் புத்தகத்தில் கோட்டைவிட்டேன்.

கடையில் எல்லாவற்றுக்கும் இடம் போதவில்லை. என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி சிதம்பரத்தில் பழைய ஓட்டு வீட்டில் இருக்கிறாள். "பின்கட்டு அறை சும்மாதானே கெடக்கு, புத்தகத்தைக் கொண்டாந்து வை" என்றாள். எனக்கு நிம்மதி. வாடகை இல்லை, பழக்கப்பட்ட வீடு, என் புத்தகம் என் ஊரிலேயே இருக்கும். 28 முதல் 39 வரை பன்னிரண்டு பெட்டி. சுவரோடு சேர்த்து அடுக்கி, பூட்டுப் போட்டு, சாவியை என் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். அடிக்குக் கட்டை வைக்கவில்லை. ஆறு மாதம்தானே என்கிற நினைப்பு.

ஆடி போனது, ஆவணி போனது. நான் பத்து நிமிஷ நடையில் இருந்தேன். போகவில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் அடிக்கடி போய் அறையைத் திறந்து நிற்பது சங்கடமாக இருந்தது. அவளுக்கும் அதே சங்கடம். "உன் சாமானை நான் எப்படிடி தொடுறது?" என்று பிறகு அழுதாள். இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் இருக்கிற பெரிய குறை இதுதான். வைத்தவருக்குக் கேட்கக் கூச்சம், இடம் கொடுத்தவருக்குத் திறக்கக் கூச்சம். நடுவில் அறை இருட்டிலேயே கிடக்கும்.

அக்டோபர் 11, சரஸ்வதி பூஜை. பூஜையில் வைக்கப் புத்தகம் எடுக்கலாம் என்று போனேன். கதவைத் திறந்ததும் மண்வாசனை. சுவரிலிருந்து மண்கோடு இறங்கி 31-ஆம் பெட்டிக்குள் போயிருந்தது. அங்கிருந்து 32, 33. பெட்டி வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தொட்டதும் விரல் உள்ளே போயிற்று.

அந்த மூன்று பெட்டிகளில் கடையில் வாங்கக்கூடிய புத்தகம் ஒன்றுகூட இல்லை. என் அம்மா கல்கி, விகடன் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைகளை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுதிகள் அவை. ஓவியங்களோடு, நடுவில் வந்த சோப்பு விளம்பரங்களோடு, ஓரத்தில் அம்மா பென்சிலால் எழுதிய தேதிகளோடு இருந்தவை. அன்று பூஜைக்கு வேறு பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தேன். என்ன புத்தகம் என்று நினைவில்லை.

தில்லையில் வளர்ந்த எனக்கு இது புதுக் கதை அல்ல. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் பூட்டிக் கிடந்த கதையைச் சின்ன வயதில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன். தேவாரம் பாடிய மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்கள். ராஜராஜ சோழன் என்று பெரும்பாலோர் கொள்ளும் அந்த மன்னன், நம்பியாண்டார் நம்பி துணையோடு, மூவர் திருமேனிகளையே வீதியுலாவாக எழுந்தருளச் செய்து கதவைத் திறக்கவைத்தான். உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் வார்த்து மண்ணைக் கரைத்து எடுத்தபோது மிஞ்சியது கொஞ்சம்தான் என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. இன்று நம்மிடம் இருக்கும் ஏறத்தாழ எண்ணூறு பதிகங்கள் அந்த மிச்சம். அந்த மூவரில் ஒருவரான, கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரையேறி வந்து நின்று பாடிய தலம் திருப்பாதிரிப்புலியூர். அந்தக் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் என் கட்டிலும் அண்டாவும் கட்டைமேல் பத்திரமாக இருந்தன. ஏடு பூட்டிய ஊரில் என் ஏடுகளைப் பூட்டிவைத்துவிட்டு நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கரையானுக்கு இருட்டும் ஈரமும் தொந்தரவில்லாத அமைதியும் வேண்டும். பூட்டிய அறை மூன்றையும் தருகிறது. வெளிச்சமும் காற்றும் ஆள் நடமாட்டமும் அதற்கு ஆகாது. வசம்பும் வேப்பிலையும் புத்தகப் பூச்சிக்குக் கொஞ்சம் உதவும், மண் வழியாக ஏறும் கரையானை அவை நிறுத்தாது. தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளி வைப்பதும், அடிக்கடி போய்ப் பார்ப்பதும்தான் வழி. இதை நூலகத்தில் புது ஊழியர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மீதி ஒன்பது பெட்டிகளை மறுநாளே வெயிலில் பிரித்துப் போட்டேன். அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பஸ் பிடித்துத் திருப்பாப்புலியூர் போய்விடுவேன். ஷட்டரைத் தூக்கிவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். காற்று உள்ளே போய் வரும். குளிர்சாதனப் பெட்டிக் கதவைத் திறந்து மூடுவேன். மெத்தையைப் புரட்டிப் போடுவேன். சோபாவுக்கு அடியில் எலிப் புழுக்கை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஒரு சனிக்கிழமை இருந்தது. ஏதோ ஒரு சந்து வழியாக எலி வந்திருந்தது. பழைய கம்பி வலையை மடித்து அந்தச் சந்தில் திணித்தோம். மாவுமில் அம்மா ஸ்டூல் கொண்டுவந்து போடுவார். "வீட்டுக்கு வந்த மாதிரியே வர்றீங்கக்கா" என்பார்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை. மேற்கே திருவண்ணாமலைப் பக்கமும் கொட்டித் தீர்க்க, சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலை விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்தார்கள். தென்பெண்ணை கரைமீறியது. கடலூருக்கு வடக்கே நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு, குண்டுஉப்பலவாடி, ஆல்பேட்டைப் பகுதிகளுக்குள் வெள்ளம் புகுந்தது. சிதம்பரத்தில் அக்கா வீட்டுத் தொலைக்காட்சியில் ஆல்பேட்டை என்கிற பெயரைக் கேட்டதும் என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அந்தக் கிடங்கில் அப்போது வேறு யாராவது சாமான் வைத்திருந்தார்களா என்று எனக்கு இன்றுவரை ஓர் உறுத்தல் உண்டு.

பஸ் ஓடத் தொடங்கியதும் போனோம். எங்கள் கடையில் ஷட்டருக்கு அடியால் மழைச்சாரல் உள்ளே அடித்து, தரையில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் நின்று வடிந்திருந்தது. செங்கல் நனைந்திருந்தது. ரீப்பர் கட்டை காய்ந்திருந்தது. அதன்மேல் இருந்தவற்றில் ஒரு துளி ஈரம் இல்லை. சுவரில் சாய்த்துத் தரையில் நிறுத்திய கேரம்போர்டு மட்டும் ஊதிப்போயிருந்தது. மாவுமில் அம்மா புயலன்று இரவே ஷட்டர் ஓரத்தில் இரண்டு மணல்மூட்டை போட்டிருக்கிறார். நாங்கள் சொல்லவில்லை. சனிக்கிழமை தோறும் போய் உட்கார்ந்திருக்காவிட்டால் அவருக்கு அந்தக் கடைக்குள் இருப்பது யாருடையது என்றே தெரிந்திருக்காது.

வீட்டுக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலிசியில் எந்த முகவரி இருக்கிறதோ அந்த முகவரியில் இருக்கும் பொருளுக்குத்தான் பொதுவாகப் பாதுகாப்பு. சாமான் வேறு இடத்துக்குப் போனால் நிறுவனத்துக்கு எழுதிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு இது டிசம்பருக்குப் பிறகுதான் தெரிந்தது.

தை பிறந்தது. பால் காய்ச்சுவதற்கு முந்தைய இரவு, அம்மாவின் வெண்கலப் பானை வேண்டும் என்று நினைவு வந்தது. நோட்டைப் புரட்டினேன். '47, வெண்கலப் பானை, கரண்டிகள், பூஜைச் சாமான். இடம்: கடை, வலது சுவர், இரண்டாம் அடுக்கு.' என் கணவர் ஸ்கூட்டரில் போய் இருபது நிமிஷத்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். புளி போட்டுத் தேய்த்து வைத்தேன்.

மற்றச் சாமான் வந்திறங்கப் பத்து நாள் ஆயிற்று. தரையும் சுவரும் நன்றாகக் காயட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுவரவில்லை. முதலில் சமையலறை, பிறகு கட்டில், பீரோ, கடைசியில் புத்தகம். வந்த ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி போட்டேன். 31, 32, 33 மூன்றும் வெறுமையாக நின்றன. நூலகத்தில் ஒரு புத்தகத்தைக் கணக்கிலிருந்து நீக்கும்போது காரணம் எழுதிக் கையெழுத்திடுவோம். அப்படியே 'கரையான், 11.10.2024' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நோட்டில் பாதிக்கு மேல் பக்கங்கள் மிச்சம் இருந்தன. சமையலறை அலமாரியில் ஆணியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். இப்போது அதில் பால் கணக்கு எழுதுகிறார் என் கணவர்.